குற்றாலத்துக்கு ஒரே நாள் பயணம்: 14 பேர், ஒரு வேன், கட்டுச்சோறு

மணல்மேடு77
ராஜபாளையத்திலிருந்து வர்ற ஞாயித்துக்கிழமை குற்றாலம். பெரியவங்க 10, சின்னப் பிள்ளைங்க 4. பெரியவங்கள்ல ரெண்டு பேர் 65 வயசைத் தாண்டினவங்க. காலையில போய் ராத்திரி திரும்பணும், ரூம் போடல. மூணு கேள்வி. வேன் எந்த அளவு, எப்படிப் பேசணும்? சாப்பாடு கட்டிக்கிட்டுப் போறதா, 5 கிலோ சிலிண்டர் கொண்டுபோய் அங்கேயே பிரியாணி போடுறதா? வீட்டுல ரெண்டு கட்சியா இருக்காங்க. எந்த அருவிக்கு எத்தனை மணிக்குப் போகணும்?

ஸ்டெப்னி
வேன் விஷயத்தை நான் சொல்லிடுறேன் தம்பி. 14 பேருக்கு 14 சீட் வண்டி எடுக்காதீங்க. போகும்போது சரியா இருக்கும், வரும்போது ஈரத்துணி மூட்டை, பாத்திரம், பழக்கூடைன்னு கால் வைக்க இடம் இருக்காது. 17 அல்லது 18 சீட் டெம்போ டிராவலர் எடுத்தா கடைசி சீட்டை சாமானுக்கு விட்டுடலாம். சாப்பாட்டுப் பாத்திரத்தை மட்டும் கடைசி சீட்டுல வைக்காதீங்க. பின் ஆக்சிலுக்குப் பின்னாடி தூக்கிப்போடுறது அதிகம், மூடி கழன்று குழம்பு கொட்டுறது அங்கதான். நடு சீட்டுக்கு அடியில, தரையில, சாக்கு விரிச்சு வைங்க.

வாடகை ரெண்டு விதமாப் பேசுவாங்க. ஒண்ணு கிலோமீட்டர் கணக்கு. அதுல ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 250 கி.மீ. அல்லது 300 கி.மீ. ஓடினதாத்தான் எடுத்துக்குவாங்க. உங்களுக்குப் போக ஒரு 65, வர 65, அங்கே அருவி அருவியாச் சுத்த 40, ஆக மொத்தமே 170, 180-தான் வரும். ஓடாத தூரத்துக்கும் சேர்த்துக் குடுப்பீங்க. இன்னொண்ணு நாள் வாடகை, டீசல் தனி. உங்க தூரத்துக்கு இதுதான் லாபம். ஆனா டீசல் கணக்கை 'டேங்க் டு டேங்க்' பேசிக்கோங்க: கிளம்பும்போது டேங்க் ஃபுல், திரும்பி வந்ததும் திரும்ப ஃபுல், கிளம்பினதுக்கு அப்புறம் போட்டது மட்டும் உங்க செலவு. லிட்டருக்கு 9, 10 கி.மீ.ன்னு வச்சுக்கிட்டா 18 லிருந்து 20 லிட்டர். ஏசி ஓடினா இன்னும் ரெண்டு லிட்டர் கூடும்.

மீட்டர் எங்கேயிருந்து ஆரம்பிக்குது, ஷெட்லிருந்தா உங்க வாசல்லிருந்தா? டிரைவர் பேட்டா எவ்வளவு, ராத்திரி 10 மணியைத் தாண்டினா கூடுதலா? பார்க்கிங் யார் குடுக்கிறது? இந்த மூணையும் அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க. பாலருவிக்குப் போற எண்ணம் இருந்தா அதையும் அப்பவே சொல்லுங்க. அது ஆரியங்காவு, கேரளா. பெர்மிட்டும் வரியும் தனி. புளியரை செக்போஸ்ட்ல போய் நின்னுக்கிட்டுப் பேச முடியாது.

மஞ்சள் போர்டு வண்டியா எடுங்க. சொந்தக்கார வீட்டு வெள்ளை போர்டு வேனை வாடகை குடுத்து எடுத்தா, ஏதாவது ஒண்ணு ஆனா இன்ஷூரன்ஸ் நிக்காது.

வாழையிலை
சிலிண்டர் கட்சிக்கு நான் எதிர்க்கட்சி. வேனுக்குள்ள சிலிண்டர் படுத்த வாக்குல உருளும், ரெகுலேட்டர் பக்கம் இடிபடும், ஜன்னல் மூடி ஏசி ஓடும். கசிஞ்சா மூடின வண்டிக்குள்ள சீக்கிரமே நிறைஞ்சிடும். 2023 ஆகஸ்ட் 26 அன்னைக்கு மதுரையில நின்னுக்கிட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில தீப்பிடிச்சு 9 பேர் இறந்தாங்களே, அது பெட்டிக்குள்ள சிலிண்டர் வச்சு சமைச்சதால வந்ததுதான். வேன் அதைவிடச் சின்ன இடம். அருவிப் பக்கம் வனத்துறை இடத்துல அடுப்பு மூட்டவும் விடமாட்டாங்க.

இன்னொரு காரணமும் இருக்கு. 14 பேருக்கு பிரியாணின்னா ஒன்றரை கிலோ சீரகச்சம்பா, ரெண்டு கிலோ கறி. வெங்காயம் உரிக்கிறதுலேர்ந்து தம் உடைக்கிற வரைக்கும் மூணு மணி நேரம். அந்த மூணு மணி நேரமும் ரெண்டு பொம்பளைங்க அடுப்புக்கிட்ட இருப்பாங்க, மத்தவங்க அருவியில இருப்பாங்க. சமைக்கிறவங்களும் குளிக்கத்தானே வர்றாங்க. வேலையை எல்லாம் சனிக்கிழமைக்குத் தள்ளிட்டா ஞாயித்துக்கிழமை பூரா எல்லாருக்கும் ஞாயித்துக்கிழமை.

என் கணக்கு: காலைக்குப் பொடி இட்லி, மதியத்துக்குப் புளியோதரை, தயிர்சாதம், தேங்காய்த் துவையல், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். அருவியில குளிச்சா பசி வழக்கத்தைவிடக் கால் பங்கு கூட எடுக்கும், அதையும் சேர்த்தே சொல்றேன்.

இட்லி: பெரியவங்களுக்கு 4, பிள்ளைங்களுக்கு 3. 52 வருது, 60 ஊத்துங்க. ஆறினதுக்கு அப்புறம் முதல்ல நல்லெண்ணெயை ரெண்டு பக்கமும் தடவிட்டுத்தான் பொடி போடணும். எண்ணெய் இல்லாம பொடியைத் தூவினா பொடி இட்லியோட ஈரத்தை இழுத்துக்கும், ஏழு மணிக்கு வறட்டி மாதிரி ஆயிடும். வாழை இலையைத் தணல்ல லேசா வாட்டி, நாலு நாலா மடிச்சுக் கட்டிட்டா ஆளுக்கு ஒரு பொட்டலம். பரிமாற வேண்டாம், தட்டு வேண்டாம்.

புளியோதரைக்கு 1 கிலோ அரிசி. சாப்பாட்டுப் புழுங்கலரிசியா இருந்தா குழையாது. 150 கிராம் பழைய புளி, நல்லெண்ணெய் 200 மில்லி, மிளகாய் வற்றல் 20, கடலைப்பருப்பு 50 கிராம், நிலக்கடலை 100 கிராம். வறுத்துப் பொடிக்க மல்லி 3 டேபிள்ஸ்பூன், எள் 2 டேபிள்ஸ்பூன், வெந்தயம் 1 டீஸ்பூன். கட்டிப் பெருங்காயம், சுண்டைக்காயளவு வெல்லம். புளிக்காய்ச்சல் எண்ணெய் பிரிஞ்சு ஓரத்துல ஒதுங்குற வரைக்கும் கொதிக்கணும். அதை வெள்ளிக்கிழமையே முடிச்சிடலாம். சோத்தை உதிரியா வடிச்சு, அகலமான தாம்பாளத்துல கொட்டி, மஞ்சள்தூளும் ரெண்டு கரண்டி எண்ணெயும் விட்டு ஆறவிட்டுக் கிளறுங்க. சூட்டோட கிளறினா பருக்கை உடையும். சூட்டோட மூடினா மூடியில வேர்த்த தண்ணி சொட்டி மேல் சோறு முதல்ல ஊசிப்போகும். கட்டுச்சோறு கெட்டுப்போறது முக்கால்வாசி இந்த ஒரு தப்பாலதான்.

பச்சைப்பட்டாணி
அக்கா சொன்னதுல ரெண்டு திருத்தம். புளியோதரையை எப்பக் கிளறணும்னு சொல்லல. சனிக்கிழமை ராத்திரியே கிளறி வைக்கிறதுதான் நல்லது. புளி ஊறி இறங்கினாத்தான் ருசி. விடிகாலை 3 மணிக்கு 1 கிலோ சோறு வடிச்சு ஆறவைக்க நேரமும் இருக்காது. ஆனா நிலக்கடலையும் கடலைப்பருப்பும் ராத்திரியே சேர்ந்தா நமுத்துப்போகும். அதைத் தனியா வறுத்து ஒரு டப்பாவுல கொண்டுபோய், சாப்பிடும்போது மேலே தூவுங்க.

இன்னொண்ணு உருளைக்கிழங்கு வறுவல். வெங்காயம் சேர்க்காம, தண்ணி வத்த முறுவலா வறுத்தா மதியம் வரைக்கும் நிக்கும். வெங்காயம் விழுந்தா 11 மணிக்கே வாடை வந்துடும். தேங்காய்த் துவையலும் அப்படித்தான். தேங்காயைச் செவக்க வறுத்து, புளி வச்சு, தண்ணி தெளிக்காம கெட்டியா அரைக்கணும். சட்னி பதத்துல அரைச்சா பத்து மணிக்குப் புளிச்சிடும். தேங்காய் சாதம் பக்கமே போக வேண்டாம்.

எலுமிச்சை சாதம் வேணும்னா செய்யலாம். சாறை அடுப்புல வைக்காம, இறக்கி ஆறின தாளிப்புல ஊத்துங்க. கொதிச்சா கசக்கும். அலுமினியப் பாத்திரம் எதுக்குமே வேண்டாம், புளி, எலுமிச்சை, தயிர் மூணும் அதுல ஆகாது.

மணல்மேடு77
வீட்டுல காட்டினேன், சிலிண்டர் கட்சி இறங்கி வந்துடுச்சு. அக்கா, தயிர்சாதத்துக்கு மட்டும் அளவு விட்டுப்போச்சு. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிடும்போது புளிப்பு அடிக்காம இருக்கணும்.

வாழையிலை
500 கிராம் பச்சரிசி. ஒண்ணுக்கு நாலு தண்ணி விட்டுக் குழைய வடிக்காம வேகவிடுங்க. சூடா இருக்கும்போதே மத்தால நல்லா மசிச்சு, காய்ச்சின பால் 750 மில்லி ஊத்திக் கலந்துடுங்க. அந்த நேரம் கஞ்சி மாதிரி தளதளன்னு இருந்தாத்தான் சரி, மதியத்துக்குள்ள சோறு பாலை இழுத்து இறுகிடும். விரல் வச்சா இதமான சூடு தெரியிற அளவுக்கு ஆறட்டும். அப்புறம்தான் உறைமோர். கொதிக்கிற சோத்துல தயிர் விட்டா திரிஞ்சுபோகும். நம்ம ஊர் வெயிலுக்கு 2 டேபிள்ஸ்பூன் தயிர் போதும். அங்கே சாரல் அடிச்சுக்கிட்டு குளிரா இருந்தா பாலு உறையாது, மதியம் திறந்தா பால்சோறாவே இருக்கும். சீசன் நேரம்னா 4 டேபிள்ஸ்பூன் விடுங்க. விடிகாலையில கிளம்புறதுக்கு முன்னாடி கலந்தா 1 மணிக்குப் புளிக்காத தயிர்சாதம்.

தூக்குவாளியில விளிம்பு வரைக்கும் நிரப்பாம ரெண்டு விரல் இடம் விடுங்க. உப்பு, இஞ்சி, பச்சைமிளகாய் தாளிப்பு எல்லாம் சேர்த்துடலாம். மாதுளை, திராட்சை மட்டும் அங்கே போய்.

குடிதண்ணி 20 லிட்டர் கேன் ஒண்ணு, ஃபிளாஸ்க்ல வெந்நீர். ஒருமுறை பயன்படுத்துற பிளாஸ்டிக் கப்பு, தட்டுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டுல தடை. எவர்சில்வர் டம்ளர் ஆறு போதும், மாத்தி மாத்திக் குடிக்கலாம். சாப்பிட தையல் இலை.

சிற்றாற்றங்கரை
தென்காசியிலிருந்து எழுதுறேன். சோறு பத்தி நல்லாவே சொல்லிட்டாங்க. தண்ணியைப் பத்தி நான் சொல்றேன், அதுதான் உயிர் சம்பந்தப்பட்டது.

கிளம்புறதுக்கு முந்தின நாள் ராத்திரி தென்காசிப் பக்கம் தெரிஞ்சவங்க யாருக்காவது போன் பண்ணுங்க. 'சீசன் எப்படி'ன்னு பொதுவாக் கேட்டா 'நல்லாருக்கு'ன்னு சொல்லுவாங்க. கேட்க வேண்டியது இது: பேரருவியில தண்ணி ஆர்ச்சுக்கு (பாதுகாப்பு வளைவு) உள்ளே விழுதா, ஆர்ச்சைத் தாண்டி விழுதா? ஐந்தருவியில அஞ்சு கிளையிலயும் விழுதா? குளிக்கத் தடை இருக்கா, எப்பலேர்ந்து? ஆர்ச்சைத் தாண்டி விழுந்தா தடை போட்டுடுவாங்க. ஐந்தருவியில ரெண்டு கிளைதான் விழுதுன்னா வரிசையில நின்னே பொழுது போயிடும்.

பேரருவியில தண்ணி நேரா நம்ம தலையில விழாது. மேலே பாதி வழியில பொங்குமாங்கடல்னு ஒரு ஆழமான பள்ளம், அதுல விழுந்து நிறைஞ்சு வழியிறதுதான் கீழே வருது. அதனாலதான் அவ்வளவு உயரத்துலேர்ந்து விழுந்தும் கீழே நின்னு குளிக்க முடியுது. அந்தப் பள்ளத்துக்கு மேலே மலையில மழை கொட்டினா கீழே வெயில் அடிச்சாலும் தண்ணி வரும். இதைத்தான் வெளியூர்க்காரங்க நம்பமாட்டேங்கிறாங்க. 2024 மே 17 அன்னைக்குப் பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளம் வந்து 17 வயசுப் பையன் அடிச்சுட்டுப் போயிட்டான். அது சீசன்கூட இல்ல, கோடைமழை.

வெள்ளம் வர்றதுக்கு முன்னாடி தெரியிறது: கண்ணாடி மாதிரி இருந்த தண்ணி செம்மண் நிறத்துக்கு மாறும். சருகு, குச்சி, இலைக்கொத்து சேர்ந்து விழும். சத்தம் கனக்கும். இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் போலீஸ் விசில் வரைக்கும் காத்திருக்காம வெளியே வந்துடணும். துண்டு, செருப்பு, சோப்புப்பெட்டி எதுக்கும் திரும்பிப் போகாதீங்க. ஓடி வரும்போது தண்ணி ஓடுற பக்கமே ஓடாம, பக்கவாட்டுல படிக்கட்டு இருக்கிற மேட்டுக்கு ஏறணும். உள்ளே போறதுக்கு முன்னாடியே அந்தப் படிக்கட்டை எல்லாருக்கும் கையால காட்டி வைங்க.

சோப்புப்பெட்டின்னு சொன்னேன், உண்மையில அதையே கொண்டுவர வேண்டாம். எண்ணெய், சோப்பு, ஷாம்பு, சீயக்காய் எதுவும் அருவியில கூடாது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையோட தடை இருக்கு. எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறதுதான் குற்றாலக் குளியல்னு பெரியவங்க சொல்லுவாங்க. ஆயிரம் பேர் தலை எண்ணெய் வழிஞ்ச பாறையில அடுத்து வர்ற பிள்ளை வழுக்கி விழுது. அந்தத் தண்ணிதான் சிற்றாறாப் போய்த் தாமிரபரணியில கலக்குது.

பச்சைப்பட்டாணி
அண்ணாச்சி, பிள்ளைங்களையும் பெரியவங்களையும் எந்த அருவிக்குக் கூட்டிட்டுப் போறது? பேரருவியில இடிபாடு தாங்காதே.

சிற்றாற்றங்கரை
பிள்ளைங்களுக்குப் புலியருவி. சின்னது, விழுற வேகம் குறைவு. வயசானவங்களுக்குச் சிற்றருவி, பேரருவிக்குப் பக்கத்துலயே இருக்கு. இரத்த அழுத்தம் இருக்கிறவங்க முதல்ல காலை நனைச்சு, முகம், தோள்னு பழகின பிறகு தண்ணிக்குள்ள போகட்டும். தலையை எடுத்த எடுப்புல குடுக்கக் கூடாது.

பேரருவியில குளிக்கவும் ஒரு முறை இருக்கு. நடுவுல நேரா நுழையாம ஓரத்துலேர்ந்து நுழையணும். முகத்தை அண்ணாந்து காட்டாம, குனிஞ்சு, தண்ணியைத் தோள்லயும் முதுகுலயும் வாங்கணும். உச்சந்தலையில நேரா வாங்கினா கழுத்து பிடிச்சுக்கும். ஒரு கை எப்பவும் கம்பியில. பிள்ளையைப் பிடிக்கிறப்போ உள்ளங்கையைப் பிடிக்காம மணிக்கட்டைப் பிடிங்க. ஈர உள்ளங்கை வழுக்கும், மணிக்கட்டு வழுக்காது. மூக்குக்கண்ணாடி, கம்மல், செயின் எல்லாம் வேனிலயே. தாலிக்கொடியை மஞ்சள் கயித்துக்கு மாத்திக்கிறது உத்தமம். சேலையோட இறங்கினா ஈரத்துல கனத்து காலைச் சுத்தும், சுடிதாருக்கு மேலே துப்பட்டா வேண்டாம்.

நேரம்: 4 மணிக்குக் கிளம்புங்க. சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர்னு நேர் ரோடு, விடியறதுக்குள்ள ஊர் எல்லாம் தாண்டிடலாம். 6 மணிக்குள்ள பேரருவியில நின்னா கூட்டம் வர்றதுக்கு முன்னாடி ஒரு குளியல் முடிஞ்சிடும். ஞாயித்துக்கிழமை 9 மணிக்கு மேலே போனா குளிக்கிற நேரத்தைவிட வரிசை நேரம் அதிகம். இட்லியைக் குளிச்ச பிறகு சாப்பிடுங்க, வயிறு நிறைய இருக்கும்போது அந்த இடி வாங்கினா குமட்டும். அடுத்து 8 மணிக்கு ஐந்தருவி, வர்ற வழியில புலியருவி. பழைய குற்றாலத்துக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு, போன்ல அதையும் கேட்டுக்கோங்க.

மதியம் சாப்பிட அருவிக்கரை சரிப்படாது. குரங்கு. பிளாஸ்டிக் பைச் சத்தம் கேட்டாலே வந்துடும், தூக்குவாளி மூடியைத் திறக்கத் தெரிஞ்ச குரங்குங்க. பையைப் பிடிச்சு இழுத்தா விட்டுடுங்க, போட்டிபோட்டா கடிச்சிடும். இலஞ்சி குமரன் கோயில் பக்கமோ, குண்டாறு அணைப் பக்கமோ நிழலா இடம் பார்த்து வேன் மறைவுல உட்காருங்க. சாப்பிட்ட இலையை அங்கேயே விடாம சாக்குல கட்டி எடுத்துட்டு வாங்க.

ஸ்டெப்னி
அண்ணாச்சி சொன்ன நேரத்துக்கு ஒரு சேர்ப்பு. டிரைவரை முந்தின நாள் ராத்திரி சவாரி ஓட்டாதவரா அனுப்பச் சொல்லுங்க. 4 மணிக்குக் கிளம்பி ராத்திரி 9 மணிக்கு வீடு சேர்றதுன்னா அவருக்கு 17 மணி நேரம். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ரெண்டு மணி நேரம் வண்டியில படுக்க விட்டுடுங்க. நீங்க அந்த நேரத்துல நடந்து போற தூரத்துல இருக்கிறதைப் பாருங்க. அவருக்கும் ஒரு பொட்டலம் சேர்த்துக் கட்டணும், ஆக சாப்பாடு 15 பேருக்கு.

சிற்றாற்றங்கரை
அப்படின்னா அந்த ரெண்டு மணி நேரத்துக்கு வேனைக் குற்றாலத்துல நிறுத்திட்டுச் சித்திரசபைக்குப் போங்க. மதியம் நடை திறந்திருக்கிற நேரத்தை முதல்ல கேட்டுக்கோங்க. நடராசரோட அஞ்சு சபையில இது ஒண்ணு, சுவர் முழுக்க ஓவியம். அருவிக்கு வர்ற கூட்டத்துல பாதிப் பேர் பார்க்காமலே போறாங்க, வருத்தமா இருக்கும். குற்றாலநாதர் கோயில் சங்கு வடிவத்துல கட்டினது, பிள்ளைங்களுக்கு அதைச் சொல்லிக் காட்டுங்க. ஏறத் தெம்பு இருக்கிறவங்க சாயங்காலம் பண்பொழி திருமலைக்குப் போகலாம், மேல வரைக்கும் வண்டி ரோடும் இருக்கு. அங்கேயிருந்து கடையநல்லூர் வழியா நேரா ஊருக்குத் திரும்பிடலாம், தென்காசி நெரிசல்ல மாட்ட வேண்டாம்.

உங்க தேதி ஆடி அமாவாசையை ஒட்டி இல்லையேன்னு மட்டும் காலண்டர் பாருங்க. அன்னைக்குத் தர்ப்பணம் குடுக்க வர்றவங்க கூட்டமே தனி.

மணல்மேடு77
அமாவாசை இல்ல, பார்த்துட்டேன். ராத்திரிச் சாப்பாடு பிரானூர் பார்டர்ல புரோட்டான்னு பையன்க சொல்றாங்க. செலவு எப்படிப் பிரிக்கிறது? மூணு குடும்பம், ஒவ்வொண்ணுலயும் ஆள் கணக்கு வேற.

ஸ்டெப்னி
வேன், டீசல், பேட்டா, பார்க்கிங் எல்லாம் சீட் கணக்கு, பிள்ளைக்கும் ஒரு சீட்டு. சாப்பாட்டுச் சாமான் வாய்க் கணக்கு, பிள்ளைக்கு அரை. பொதுப்பணத்தை ஒருத்தர் கையில முன்கூட்டியே குடுத்து, அவர் மட்டும் செலவு பண்ணட்டும். பழம், பொம்மை, சிப்ஸ் அவங்கவங்க சொந்தக் காசு.

திருமலையிலிருந்து ஊருக்குத் திரும்பினா பார்டர் எதிர்த்திசை. பிரானூர்னா திருமலையை விட்டுட்டு செங்கோட்டை பக்கம் போகணும். ரெண்டையும் வச்சா 10 மணியைத் தாண்டும், பேட்டா கூடும்.

வாழையிலை
டிரைவரையும் சேர்த்து 15-ன்னா புளியோதரை அரிசி 1 கிலோ 100 ஆக்கிக்கோங்க, எண்ணெய் இன்னும் ஒரு குழிக்கரண்டி. தயிர்சாத அளவு மாத்த வேண்டாம். ஈரத்துணிக்கு உரச்சாக்கு ரெண்டு, உள்ளே பாலித்தீன் உறை இருக்கிற மாதிரி. காஞ்ச துணி மாத்தினவுடனே பிள்ளைங்க காதைத் துண்டு நுனியால ஒத்தி எடுங்க, உள்ளே பஞ்சு விட்டுக் குடைய வேண்டாம். புரோட்டா ராத்திரிதான்னா, 5 மணிக்குப் பிள்ளைங்களுக்கு ஏதாவது வேணும். இட்லி 60-ல மிச்சம் இருக்கிறதை நம்பாம, அவல் 1 கிலோ, நாட்டுச்சர்க்கரை, ஒரு தேங்காய்த் துருவலை வறுத்துத் தனி டப்பாவுல எடுத்துட்டுப் போங்க. ஃபிளாஸ்க் வெந்நீரைத் தெளிச்சா ரெண்டு நிமிஷத்துல அவல் ஊறிடும்.